டிஸ்ப்ளே போச்சு என்றால், எது போச்சு?

லேப்டாப் திரை கறுத்துப் போனால் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றுதான்: "டிஸ்ப்ளே போச்சு." அடுத்து கேட்பதும் அநேகமாக ஒன்றுதான்: "மாத்த எவ்வளவு ஆகும்?" இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்காததால்தான் பலருடைய பணம் வீணாகிறது. போனது எது?

ஏனென்றால் லேப்டாப் திரை என்பது ஒரே பொருள் அல்ல. ஒளி தரும் விளக்கு ஒன்று, அந்த ஒளியைத் தடுத்தும் விட்டும் விளையாடும் திரவப் படிகம் ஒன்று, அதை ஆட்டி வைக்கும் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், இவற்றை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள், படத்தைத் தயாரித்து அனுப்பும் கிராபிக்ஸ் சிப். இத்தனையும் சேர்ந்துதான் நம் கண்ணுக்கு 'டிஸ்ப்ளே'. இவை எல்லாம் ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே ஆள் கண்டுபிடித்ததும் அல்ல. ஏறத்தாழ நூறு வருடக் கதை. ஒவ்வொரு அடுக்கும் வந்தபோது அதற்கென்று ஒரு பழுதையும் கூட்டிக்கொண்டு வந்தது! அதனால் திரையின் வரலாறு தெரிந்தால், பழுதைக் கண்டுபிடிக்கும் வழி பாதி தெரிந்த மாதிரி.

கேரட்டில் இருந்து கால்குலேட்டர் வரை

கதை தொடங்குவது ஒரு மின்னணுக் கூடத்தில் அல்ல, ஒரு தாவரவியல் அறிஞரின் மேஜையில். 1888-ஆம் ஆண்டு. ஆஸ்திரியரான ஃப்ரெட்ரிக் ரைனிட்சர், பிராக் நகரில் கேரட்டில் உள்ள கொலஸ்ட்ராலை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதிலிருந்து தயாரித்த ஒரு சேர்மத்தைச் சூடாக்கினால், 145.5 டிகிரி செல்சியஸில் உருகி, கலங்கலான திரவம் ஆனது. இதுவரை சரி. ஆனால் மேலும் சூடாக்க, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் திடீரென்று தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? குழம்பிப் போன ரைனிட்சர், ஜெர்மானிய இயற்பியலாளர் ஆட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார். சூடாக்கியபடியே பார்க்கக்கூடிய நுண்ணோக்கி லேமனிடம் இருந்தது. அவர் பார்த்துவிட்டுச் சொன்னது, இது திரவம் போல ஓடுகிறது, படிகம் போல ஒளியைக் கையாளுகிறது என்று. 'திரவப் படிகம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். எல்.சி.டி. என்ற மூன்றெழுத்தில் முதல் இரண்டெழுத்தின் கதை இது.

அதற்கப்புறம் ஏறக்குறைய எழுபது வருடங்களுக்கு இதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 1960-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ரிச்சர்ட் வில்லியம்ஸும், பிறகு ஜார்ஜ் ஹைல்மையரும் திரவப் படிகத்தில் மின்சாரம் செலுத்தினால் ஒளி மாறுவதைக் கண்டார்கள். 1968-இல் ஆர்.சி.ஏ. பத்திரிகையாளர்களைக் கூட்டி, சுவரில் மாட்டும் தொலைக்காட்சி வரப்போகிறது என்ற அளவுக்கு ஆசை காட்டியது. ஆனால் பிக்சர் டியூப் விற்பதில் நல்ல லாபம் பார்த்துக் கொண்டிருந்த நிறுவனத்துக்கு அந்த வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஹைல்மையர் 1970-இல் வெளியேறினார். (வணிகவியல் மாணவர்கள் பல பாடங்களில் படிக்கும் அதே கதை!)

அந்த இடத்தைப் பிடித்தவர்கள் வேறு. 1970 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், ஹாஃப்மன் லா ரோஷ் என்ற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த மார்ட்டின் ஷாட், வுல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் இருவரும் 'முறுக்கிய' திரவப் படிகத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்கசனும் அடுத்த வருடம் அதே யோசனையோடு வந்தார். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே, சாதாரண அறை வெப்பத்தில் கெடாமல் இருக்கும் படிகங்களைத் தயாரித்துக் கொடுத்தார். 1973-இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் எல்.சி.டி. வைத்த பாக்கெட் கால்குலேட்டரை விற்பனைக்கே கொண்டு வந்துவிட்டது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்த முறுக்குப் படிகம் வேலை செய்யும் விதம்தான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் சாவி.

இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றின் வெளிப்புறமும் ஒரு போலரைசர் படலம். ஒன்று ஒளியை நிமிர்ந்த வாக்கில் மட்டும் விடும், மற்றொன்று படுத்த வாக்கில் மட்டும் விடும். நடுவில் திரவப் படிகம் 90 டிகிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே வரும் ஒளி அந்த முறுக்கோடு சேர்ந்து திரும்பி, இரண்டாவது படலத்தைத் தாண்டி வெளியே வருகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும். ஒளி திரும்பாது, தடுக்கப்படும், அந்த இடம் கறுப்பாகும். அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? இந்த ஏற்பாட்டில் எங்கேயும் வெளிச்சம் உண்டாகவில்லை. எல்.சி.டி. ஒரு ஜன்னல் கதவு மட்டுமே, விளக்கு அல்ல. கால்குலேட்டரில் அறை வெளிச்சமே போதும். லேப்டாப்புக்குப் போதவில்லை.

கோடுகள் எங்கிருந்து வருகின்றன?

கால்குலேட்டரில் எட்டு இலக்கங்கள் காட்டினால் போதும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்துவிடலாம். கணினித் திரையில் லட்சக்கணக்கான புள்ளிகள். அத்தனைக்கும் கம்பி இழுப்பது நடக்காத காரியம். குறுக்கு வாட்டில் சில கம்பிகள், நெடுக்கு வாட்டில் சில கம்பிகள், அவை வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு புள்ளி என்று வைத்தார்கள். ஆனால் ஒரு புள்ளிக்குக் கொடுத்த மின்சாரம் பக்கத்துப் புள்ளியிலும் கசிந்தது. படம் மங்கலாகி, நிழல் நிழலாகத் தெரிந்தது.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு காவல்காரனை நிறுத்துவது. அதாவது ஒரு டிரான்சிஸ்டர். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடியின் குழு 1970-களின் தொடக்கத்தில் கண்ணாடி மேலேயே மெல்லிய டிரான்சிஸ்டர்களைப் படிய வைத்து இதைச் செய்து காட்டியது. அந்த நிறுவனமும் அதைத் தொடர்ந்து வளர்க்கவில்லை. 1979-இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் வால்டர் ஸ்பியர், பீட்டர் லெகோம்பர் குழு, மலிவான அமார்ஃபஸ் சிலிக்கனில் இதே டிரான்சிஸ்டரைச் செய்ய முடியும் என்று காட்டியது. இதுதான் இன்று கடைகளில் சாதாரணமாகச் சொல்லும் டி.எஃப்.டி.

சில வருடங்களுக்கு முன்பு வரை மலிவு விலை லேப்டாப்புகளில் சர்வசாதாரணமாக இருந்தது 1366 x 768 திரை. பெருக்கிப் பாருங்கள்: 10,49,088 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. ஆக 31,47,264 டிரான்சிஸ்டர்கள். இவற்றை இயக்க நெடுக்கு வாட்டில் 4,098 கம்பிகள், குறுக்கே 768 கம்பிகள். இவை திரையின் ஓரத்தில் மெல்லிய படலத் துண்டுகள் வழியாகச் சின்னச் சின்ன சிப்புகளோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. கவனிக்கவும், பற்றவைக்கப்படவில்லை, மின்சாரம் கடத்தும் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன.

இந்தக் கணக்கில் இருந்தே மூன்று பழுதுகளைப் புரிந்துகொள்ளலாம். ஒரு டிரான்சிஸ்டர் போனால் ஒரு புள்ளி செத்துப் போகும், அல்லது அணையாமல் ஒரே நிறத்தில் நிற்கும். ஒரு நெடுக்குக் கம்பியின் ஒட்டு விட்டால் மேலிருந்து கீழே மயிரிழை போல ஒரு கோடு. ஒரு படலத் துண்டே பிரிந்துவிட்டால் பட்டையாக ஒரு பகுதி முழுவதும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ போகும். அந்த ஓரத்தை லேசாகத் தொடும்போது கோடு வந்து வந்து மறைந்தால், ஒட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம். அதை மறுபடி ஒட்டத் தனி இயந்திரம் வேண்டும். அதனால் இந்த வகைப் பழுதுக்குப் பேனலை மாற்றுவதுதான் பெரும்பாலும் நியாயமான வழி. 'டிஸ்ப்ளே போச்சு' என்ற வாக்கியம் உண்மையாகவே பொருந்தும் இடம் இதுவும், கண்ணாடி உடைந்து மை சிந்தியது போல் தெரியும் இடமும்தான்.

கீல் வந்தது, கேபிள் வந்தது

முதல் மடிக்கணினிகளில் இத்தனை சிக்கல் இல்லை. 1982-இல் வந்த கிரிட் காம்பஸ், பில் மாக்ரிட்ஜ் வடிவமைத்தது. திரை விசைப்பலகை மேல் சிப்பி போல மூடிக்கொள்ளும் வடிவம் அதில்தான் நிலைபெற்றது. விலை 8,150 டாலர்! அதன் திரை எல்.சி.டி. அல்ல, தானே மஞ்சளாக ஒளிரும் வகை. 1985-இல் வந்த தோஷிபா டி1100-இல் எல்.சி.டி. இருந்தது, ஆனால் பின்விளக்கு கிடையாது. அறையில் விளக்கு அணைந்தால் வேலையும் அணைந்துவிடும். 1986-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. கன்வர்ட்டிபிள் இன்னும் வேடிக்கை. அதன் எல்.சி.டி. திரையைக் கையாலேயே கழற்றி எடுத்துவிட்டு, மேஜையில் சாதாரண மானிட்டரை வைத்துக்கொள்ளலாம். ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். பின்னால் வரப்போகும் கதைக்காக இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1992 அக்டோபரில் ஐ.பி.எம். திங்க்பேட் 700சி வந்தது. 10.4 அங்குல வண்ண டி.எஃப்.டி. திரை. அந்தக் காலத்து லேப்டாப்புகளுக்கு அது ராட்சத அளவு. ஐ.பி.எம்.மும் தோஷிபாவும் ஜப்பானில் கூட்டாக நடத்திய தொழிற்சாலை இல்லாவிட்டால் அந்தத் திரை சாத்தியமாகியிருக்காது. வண்ணம், அளவு, வெளிச்சம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த அந்த வடிவம்தான் அடுத்த பதினைந்து வருடங்களுக்கு லேப்டாப் என்றால் இப்படித்தான் என்று ஆக்கியது.

மாக்ரிட்ஜின் கீலுக்கு ஒரு விலை உண்டு. கணினி கீழே, திரை மேலே. இரண்டுக்கும் நடுவே படமும் மின்சாரமும் போகும் கேபிள் கீல் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் அது வளைகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்றால் வருடத்துக்கு 3,650 தடவை. திரையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால் படம் வருகிறது, அசைத்தால் மினுக்குகிறது, நிறம் மாறுகிறது என்றால் குற்றவாளி அநேகமாகப் பேனல் அல்ல, இந்தக் கேபிள்தான். சில சமயம் கேபிள் கூடக் கெட்டிருக்காது, அதன் முனை லேசாகக் கழன்றிருக்கும். கழற்றி மாட்டினால் போதும்!

டார்ச் லைட் ரகசியம்

இப்போது விளக்குக்கு வருவோம். எல்.சி.டி. வெறும் ஜன்னல் கதவு என்பதால் பின்னால் ஒரு விளக்கு வைத்தாக வேண்டும். 1990-களிலும் 2000-களின் பெரும்பகுதியிலும் அது சி.சி.எஃப்.எல். எனப்படும் குச்சி போன்ற மெல்லிய டியூப்லைட். வீட்டு டியூப்லைட் போலவே இதிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. இது எரியப் பல நூறு வோல்ட் வேண்டும், பற்றிக்கொள்ளும் நேரத்தில் ஆயிரத்தையும் தாண்டும். பேட்டரியில் இருப்பதோ சுமார் பத்துப் பன்னிரண்டு வோல்ட். அதை உயர்த்திக் கொடுக்க திரைக்குக் கீழே ஒரு நீளமான சின்ன அட்டை இருக்கும். பெயர் இன்வெர்ட்டர். (வீட்டில் கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டரின் தூரத்துச் சொந்தம்!)

இந்த இரண்டும்தான் அந்தக் கால லேப்டாப்புகளில் அடிக்கடி உயிரை விட்டவை. டியூப் கிழடு தட்டினால் ஆன் செய்தவுடன் திரை ரோஸ் நிறமாக இருந்து மெல்லத் தெளியும். இன்வெர்ட்டர் போனால் இரண்டு நொடி வெளிச்சம் வந்து, பட்டென்று இருட்டாகும். பார்ப்பவருக்குத் திரை செத்துவிட்டது. ஆனால் உண்மையில் படம் அங்கேயே இருக்கிறது! வெளிச்சம் மட்டும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக்குகள் டார்ச் லைட்டைச் சாய்வாகத் திரை மேல் அடித்துப் பார்ப்பது. ஐகான்களும் எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தால் பேனல் நல்ல நிலையில் இருக்கிறது, பழுது பின்விளக்கிலோ அதற்கு மின்சாரம் கொடுக்கும் பாதையிலோதான். 1970-இல் பாசெலில் பிறந்த அந்தத் தத்துவம், எல்.சி.டி. தானே ஒளிராது என்பது, ஒரு சாதாரண டார்ச்சில் நிரூபணம் ஆகிறது. இன்வெர்ட்டரின் விலை பேனலின் விலையில் ஒரு சிறு பங்கு. டார்ச் அடித்துப் பார்க்காதவர் முழுப் பேனலுக்கும் காசு கொடுத்திருப்பார். புதுப் பேனலை மாட்டியும் இருட்டாகவே இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

எந்த வரிசையில் பார்ப்பது?

இதுவரை சொன்ன வரலாற்றை அப்படியே ஒரு சோதனை வரிசையாக மாற்றிவிடலாம். விதி ஒன்றுதான்: காசு செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும், கழற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், வெளிச்சம் அடிமட்டத்தில் இருப்பதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது உண்டு. அடுத்தது மூடியைக் கண்டறியும் உணரி. பழைய லேப்டாப்புகளில் கீல் பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அது உள்ளேயே சிக்கிக்கொண்டால் மூடி மூடியிருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். புதியவற்றில் அதற்குப் பதில் காந்தமும் காந்த உணரியும். ஒரு லேப்டாப்பை இன்னொரு லேப்டாப் மேல் வைத்து வேலை செய்தால், கீழே இருப்பதன் காந்தம் மேலே இருப்பதன் திரையை அணைத்துவிடலாம்.

மூன்றாவது, வெளியே ஒரு மானிட்டரையோ டி.வி.யையோ இணைத்துப் பார்ப்பது. அதில் படம் சுத்தமாக வந்தால் கிராபிக்ஸ் சிப் நலம், பழுது கேபிளுக்கு அந்தப் பக்கம். அதிலும் அதே கோடுகளும் சிதறலும் வந்தால் திரை நிரபராதி. நான்காவது, ஆன் செய்தவுடன் வரும் பயாஸ் பக்கத்தைப் பார்ப்பது. அங்கே சரியாக இருந்து, விண்டோஸ் வந்த பிறகுதான் கெடுகிறது என்றால் டிரைவர் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். டெல் லேப்டாப்புகளில் இன்னொரு வசதியும் உண்டு. 'டி' விசையைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால், திரை தன்னைத்தானே சோதித்துக்கொண்டு வெவ்வேறு நிறங்களாக மாறி மாறிக் காட்டும். நிறங்கள் சுத்தமாக வந்தால் பேனல் தேறிவிட்டது.

ஐந்தாவது டார்ச். ஆறாவது, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது. இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்காவிட்டால் தான் ஸ்குரூ டிரைவர்.

கழற்றுபவர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. சார்ஜரை எடுப்பது மட்டும் போதாது, பேட்டரி இணைப்பையும் பிரித்த பிறகே திரைக் கேபிளைத் தொட வேண்டும். மின்சாரம் இருக்கும்போதே கேபிளைச் சொருகினால் மதர்போர்டில் உள்ள பின்விளக்கு ஃபியூஸ் எரிந்துவிடலாம். புதுப் பேனல் வாங்கும்போது லேப்டாப்பின் மாடல் பெயர் மட்டும் போதாது, ஏனென்றால் ஒரே மாடலில் பல கம்பெனிப் பேனல்கள் இருக்கும். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அளவு, புள்ளிகளின் எண்ணிக்கை, கனெக்டரில் 30 முனையா 40 முனையா, திருகு மாட்டும் காது எந்தப் பக்கம் என்று நான்கும் பொருந்த வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் டில்லி நேரு பிளேஸிலும் பழைய பேனலையே கையோடு எடுத்துப் போவது நல்லது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

திரை நிரபராதியான வழக்கு

வெளி மானிட்டர் சோதனை எவ்வளவு முக்கியம் என்று 2008 காட்டியது. அந்த ஜூலையில் என்விடியா நிறுவனம், தான் விற்ற சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகள் வழக்கத்துக்கு மீறிப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்காக ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பை அதன் அடித்தளத்தோடு இணைக்கும் பொருள், சூடாகிச் சூடாகி ஆறியதில் பலவீனமானதுதான் காரணம். பாதிக்கப்பட்ட லேப்டாப்புகளில் தெரிந்த அறிகுறி என்ன? கோடுகள், சிதறிய படம், கறுப்புத் திரை! பார்த்தவுடன் 'டிஸ்ப்ளே போச்சு' என்று சொல்லத் தோன்றும் அத்தனையும். பேனலை மாற்றியிருந்தால் ஒரு பைசா பிரயோஜனம் இருந்திருக்காது.

பசை வந்த பிறகு

2000-களின் பின்பாதியில் டியூப்லைட்டின் இடத்தை வெள்ளை எல்.இ.டி.கள் பிடிக்க ஆரம்பித்தன. 1990-களில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவானதால் வந்த மாற்றம் இது. (அதற்காக மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.) பாதரசம் போனது, உயர் மின்னழுத்தம் போனது, இன்வெர்ட்டர் அட்டையும் போனது. திரை மெலிந்தது. அடிக்கடி கெடும் இரண்டு பாகங்கள் ஒரேயடியாக ஒழிந்தன என்றால் நல்ல செய்திதானே? ஆமாம், நல்ல செய்திதான்.

ஆனால் மெலிவதற்கு எல்லை இல்லாமல் போனபோது வேறொன்று நடந்தது. 2012 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட ரெட்டினா மேக்புக் ப்ரோவில் திரை, தனியாகக் கழற்ற முடியாதபடி மூடியோடு ஒன்றாக்கப்பட்டிருந்தது. பழுது பார்க்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டது. கையால் கழற்றி எடுத்த 1986-இன் திரையை இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

இதன் முழு அர்த்தம் நான்கு வருடம் கழித்துத் தெரிந்தது. 2016-இல் வந்த மேக்புக் ப்ரோவில், கீலைச் சுற்றிப் போகும் கேபிளைக் காகிதம் போன்ற மெல்லிய நாடாவாக ஆக்கியிருந்தார்கள். திறந்து மூடித் திறந்து மூடி அது தேய்ந்தது. முதலில் திரையின் அடியில் நாடக மேடை விளக்குகள் போல வெளிச்சத் திட்டுகள் தெரிந்தன. பிறகு மூடியை ஓரளவுக்கு மேல் திறந்தாலே பின்விளக்கு அணைந்தது. பழைய லேப்டாப்பில் இதே பழுது என்றால் கேபிளை மட்டும் மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இங்கே அந்த நாடா திரையின் அட்டையோடு ஒன்றாக இருந்ததால், முழுத் திரைப் பகுதியையும் மாற்ற வேண்டி வந்தது. ஐஃபிக்ஸிட் 2019 ஜனவரியில் போட்ட கணக்கு: ஆறு டாலர் பிரச்சினை, அறுநூறு டாலர் செலவு. பிந்தைய மாடலில் அந்த நாடா இரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருப்பதையும் அவர்கள் அளந்து சொன்னார்கள். 2019 மே மாதம் ஆப்பிள், 2016-ஆம் வருடத்து 13 அங்குல மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது.

இந்த இடத்தில்தான் கதையின் திசை மாறுகிறது. முன்பெல்லாம் கஷ்டம், எது பழுது என்று கண்டுபிடிப்பதில் இருந்தது. இப்போது கண்டுபிடித்துவிட முடிகிறது, ஆனால் அந்தப் பாகத்தை மட்டும் வாங்க முடிவதில்லை. பரிசோதனை கேபிளின் பெயரைச் சொல்கிறது, ரசீது முழுத் திரையின் பெயரைச் சொல்கிறது.

சில இடங்களில் கைக்கெட்டிய தகவலும் மறைந்தது. 2012-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் பல கம்பெனிகளின் சர்வீஸ் கையேடுகளைச் சேகரித்து இணையத்தில் இலவசமாகக் கொடுத்து வந்தார். தோஷிபா பதிப்புரிமையைக் காட்டி, தன் கையேடுகளை எடுக்க வைத்தது. ஐ.பி.எம்.மோ திங்க்பேட்டை எந்தத் திருகில் தொடங்கி எப்படிக் கழற்றுவது என்று படம் போட்டு வெளிப்படையாகவே கையேடு வெளியிட்டு வந்த நிறுவனம். ஒரே தொழிலில் இரண்டு விதமான மனசு!

சட்டமும் கணக்கும்

இதற்கு எதிர்வினையாகத்தான் 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற கோரிக்கை வலுத்தது. 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் கையெழுத்தானது. ஆனால் கடைசி நேரத் திருத்தம் ஒன்றில், தவறாகப் பொருத்தினால் காயம் ஏற்படும் அபாயம் அதிகம் என்ற நிலையில், கம்பெனிகள் தனிப் பாகத்துக்குப் பதிலாகப் பல பாகங்கள் சேர்ந்த தொகுப்பாகவே கொடுக்கலாம் என்று இடம் விட்டார்கள். அறுநூறு டாலர் பிரச்சினை நுழையக்கூடிய கதவு அதுதான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம், நூறு டாலரும் அதற்கு மேலும் உள்ள மின்னணுப் பொருள்களுக்கு ஏழு வருடம் பாகங்களும் கையேடுகளும் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது, அதே வருடம் டிசம்பரில் ஓர் இணைய வாயிலையும் தொடங்கியது.

சந்தையிலும் பதில் வந்தது. 2021-இல் ஃபிரேம்வொர்க் என்ற புதிய கம்பெனி வெளியிட்ட லேப்டாப்பில் திரையைச் சுற்றியுள்ள சட்டம் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்து எடுத்துவிட்டு, சில திருகுகளைக் கழற்றினால் பேனல் கையில். ஐஃபிக்ஸிட் பத்துக்குப் பத்து போட்டது. அதுவும் மெலிந்த லேப்டாப்தான். ஆக, மெலிவு வேண்டுமானால் பசை வேண்டும் என்ற வாதம் முழு உண்மை இல்லை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியமான முரண் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாவது அட்டவணை, லேப்டாப்பின் பயனுள்ள ஆயுள் மூன்று வருடம் என்கிறது. நான்காவது வருடத்தில் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு ஏறத்தாழப் பூஜ்யம். கம்பெனிக்கு அது சரி. ஆனால் ஒரே லேப்டாப்பை வைத்துக்கொண்டு கல்லூரிப் படிப்பையே முடிக்க வேண்டிய மாணவருக்கு நான்காவது வருடத்தில்தான் அதன் மதிப்பு அதிகம், ப்ராஜெக்டும் வேலை தேடுவதும் அந்த வருடத்தில்தானே! அதே அட்டவணை இன்னொன்றும் சொல்கிறது. ஒரு சொத்தின் ஒரு பாகம் விலையில் கணிசமானதாக இருந்து, அதன் ஆயுளும் வேறாக இருந்தால், அந்தப் பாகத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். கணக்கு எழுதுபவர்களுக்கே தெரிந்திருக்கிறது, ஒரு பொருள் என்பது பல ஆயுள்கள் சேர்ந்தது என்று. அதைப் பசை போட்டு ஒரே ஆயுளாக ஆக்கும்போது, மிகக் குறைந்த ஆயுள் கொண்ட பாகமே முழுப் பொருளின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. ஒரு நாடாவின் தலையெழுத்து முழு லேப்டாப்பின் தலையெழுத்தாகிறது.

ஆகவே, அடுத்த தடவை ஒரு திரை கறுத்துப் போனால் விலை கேட்பதற்கு முன் பத்து நிமிடம் செலவிடலாம். வெளிச்ச விசை, வெளி மானிட்டர், டார்ச், மூடியை அசைத்துப் பார்ப்பது. இவை நான்குக்கும் ஒரு பைசா செலவில்லை. இவற்றின் விடையோடு கடைக்குப் போகிறவர் "டிஸ்ப்ளே போச்சு" என்று சொல்ல மாட்டார். "வெளி மானிட்டர்ல நல்லா வருது, டார்ச் அடிச்சா படம் தெரியுது, பேக்லைட்டைப் பாருங்க" என்று சொல்வார். அப்படிச் சொல்கிறவரிடம் முழுப் பேனலுக்குப் பில் போடுவது கொஞ்சம் கஷ்டம்தான். புது லேப்டாப் வாங்கும்போதும் ராம் எவ்வளவு, பிராசஸர் எது என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: இதன் திரையைத் தனியாக மாற்ற முடியுமா?